நம்பாதவர் கதிரை

புள்ள,

வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரையிலும் அந்தப் பக்கம் படுவான்கரையிலும் ஓடிய அத்தனை பஸ்களுக்கும் ஒருகாலத்தில் எமனாக விளங்கிய டிக்கட் செக்கரும், டிக்கட் எடுக்காதவன் எந்த ஆசனத்தில் இருக்கிறான் என்பதைப் பஸ் வளைவில் திரும்பும்போதே மணந்து பிடித்தவனும், உன் தாய்க்கு ஒரே அண்ணனும், உன் அப்பா கண்மூடிய நாள் தொட்டு உனக்குத் தகப்பன் உத்தியோகத்தையும் சம்பளமில்லாமல் சேர்த்துப் பார்த்துவருபவனுமாகிய உன் மாமன் எழுதுகிறேன். நீ என்னிடமிருந்து ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறாய் என்பது தெரியும். ‘இரு’ என்றோ ‘வா’ என்றோ ஒற்றைச் சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் என் பதிலைச் சிஸ்டர்மார் எல்லாரும் கூடியிருக்கச் சத்தமாக வாசிப்பது உங்கள் சபையின் வழக்கம் என்று உன் பள்ளிக்கூடத்து அதிபர் சிஸ்டர் வாய்தவறிச் சொல்லிவிட்டா. இப்படியொரு சபை கிடைத்தபின் ஒற்றைச் சொல்லோடு எழும்பிப் போக நான் என்ன விசரனா? பின்வரிசையில் இருக்கும் சிஸ்டர்மாரும் காதைக் கொடுக்கட்டும்.

சிஸ்டராக நீ கொடுக்கும் முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன்னால் வீட்டிலிருந்து ஒருவர் வந்து, நீ படிப்பிக்கும் வகுப்பின் வாசலோரக் கதிரையில் ஒரு காலைப்பொழுது முழுக்க இருந்து பார்க்கவேண்டும். பார்த்தபின் அவர் ‘வா’ என்றால் நீ மறுபேச்சில்லாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து ஒரு வருடம் இருக்கவேண்டும். ‘இரு’ என்றால்தான் பீடத்துக்குப் போகலாம். உங்கள் சபையைத் தொடங்கிய மதர் இசிதோரா போட்ட சட்டம் இது. இதைக் கேட்ட உடனேயே எனக்குச் சந்தேகம் வந்தது. இத்தனை தாராளமாகக் கதவைத் திறந்து வைத்திருப்பவர்கள் எதை ஒளிக்கிறார்கள்? திறந்த பையை மடியில் வைத்துக்கொண்டு சிரிக்கிற பயணியைத்தான் நான் முதலில் சோதிப்பேன்.

நீ இந்த எண்ணத்தை வாயால் சொல்லும் முன்னரே நான் பிடித்துவிட்டேன், நினைவிருக்கிறதா? காலையில் கூப்பிடாமல் எழும்பினாய். உடுப்பை மடித்து வைத்தாய். எல்லாவற்றுக்கும் மேலாக, பொரித்த மீனில் நடுத்துண்டை என் சோற்றுக் கோப்பைக்குத் தள்ளிவிட்டாய். “இஞ்ச பாருகா, இவள் என்னத்தையோ மறைக்கிறாள்” என்று உன் அம்மாவிடம் சொன்னேன். “அண்ணன், அது பாசம்” என்றாள். “பாசமில்லகா, லஞ்சம்.” அதன் பிறகுதான் நீ சோற்றைப் பிசைந்துகொண்டே, “மாமா, நான் சிஸ்டரா போகப்போறன்” என்றாய். “ஆர் சொல்லித்தந்த?” “ஒருத்தரும் இல்ல மாமா.” “ஒருத்தரும் இல்லையெண்டா அது இன்னும் மோசம் புள்ள. ஆளைத் தெரிஞ்சாத்தானே போய்ச் சண்டை புடிக்கலாம்.” அம்மா சிரித்தாள். மறுகா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். பானை கழுவும் சத்தம் கேட்டது. அந்தப் பானை ஏற்கெனவே கழுவி வைத்த பானை.

நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறவன். உன் அப்பா தேற்றாத்தீவுக் கத்தோலிக்கன். நம் வீட்டுச் சுவரில் மாதா படமும் பிள்ளையார் படமும் ஒரே ஆணியில் தொங்குகின்றன. இரண்டுக்கும் இதுவரை ஒரு வாக்குவாதமும் இல்லை. ஆகவே மதத்தை வைத்து நான் கோபப்படுகிறேன் என்று அங்கே யாரும் நினைக்கவேண்டாம். எனக்கு ஆகாதது ஒரு கூட்டம் ஒரே நிறத்தில் உடுத்திக்கொண்டு சந்தோசமாக இருப்பது. அது இயற்கையில் இல்லாத விசயம். எங்கள் டிப்போவில் எல்லாரும் ஒரே நிறத்தில்தான் உடுத்தோம், ஒருவனும் சந்தோசமாக இருக்கவில்லை.

ஆகவே விசாரணையில் இறங்கினேன். முதலில் உங்கள் திருநாளில் கொடுத்த அந்தச் சின்னப் புத்தகம். மதர் இசிதோரா கைக்குழந்தையாக இருந்தபோது வெள்ளிக்கிழமைகளில் பால் குடிப்பதில்லையாம். தொட்டிலில் கிடந்த பிள்ளைக்கு வெள்ளிக்கிழமையைக் கலண்டரில் யார் காட்டியது? அவ படிப்பிக்கப் போகத் தோணியில் ஏறினால் வாவி முதலைகள் இரண்டு பக்கமும் அணிவகுத்துத் துணைக்கு வருமாம். நானும் இந்த வாவிக்கரையில் பிறந்தவன். இங்குள்ள முதலைகளை எனக்குத் தெரியும். அதுகள் அரசாங்க அதிபர் வந்தாலும் அணிவகுக்காது. அந்தப் புத்தகத்தில் அவ ஒருமுறைகூடக் கோபப்படவில்லை, ஒருமுறைகூடப் பிழைவிடவில்லை, காய்ச்சலில் கிடந்தபோதும் புன்னகைத்தா. படித்து முடித்ததும் உன் அம்மாவிடம் சொன்னேன்: “இப்பிடி ஒரு மனிசி இருந்தே இருக்கமாட்டா. இருந்திருந்தா, அவவோட ஒருத்தரும் ஒரு வீட்டில இருந்திருக்கமாட்டாங்க.”

அடுத்து நகரத்துக்குள் அவவின் உறவினரைத் தேடிப் பிடித்தேன். அவ பறங்கியர் குடும்பம், தகப்பன் மரவேலைக்காரர் என்று புத்தகத்தில் இருந்தது அல்லவா? அந்தத் தகப்பனின் வழியில் வந்த ஓடாவியார் ஒருவர் இன்னும் சந்துக்குள் பட்டறை வைத்து மேசை, அலுமாரி செய்கிறார். என்னைவிடப் பெரிய புளுகர் என்பதை உள்ளே போன மறுகணமே கண்டுகொண்டேன். போர்த்துக்கல் ராசாவின் கட்டிலைத் தன் பாட்டன்தான் செய்தார் என்றார். ஆனால் முதலையைப் பற்றிக் கேட்டதும் மனிதர் சீவுளியை வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் மரத்தூள் பறந்தது. “முதலையோ? அவவுக்குத் தோணியில கால வச்சாலே வயித்தப் பிரட்டும். கரை போய்ச் சேருமட்டும் விளிம்பப் புடிச்சிக்கிட்டு வாந்திதான். எங்கட வீட்டில பரம்பரையாச் சொல்லுற கதை இது. முதலை கிட்ட வந்திரிக்குமா, நீங்களே சொல்லுங்களன்.” “அப்ப என்னத்துக்கு அவ்வளவு கஸ்டப்பட்டு அக்கரைக்குப் போனா?” என்று கேட்டேன். “ஆருக்குத் தெரியும்? தகப்பனோட வயல்காரப் போடியார் வீடுகளுக்குக் கதவு பொருத்தப் போனவ. போன இடமெல்லாம் கதவுக்குப் பின்னால பொம்புளப் புள்ளையள் நிண்டு எட்டிப் பாத்திரிக்காங்க. அதுதான் எண்டு சொல்லுவாங்க.” சொல்லிவிட்டு அவர் மறுபடி சீவத் தொடங்கினார்.

உண்மையைச் சொன்னால், புள்ள, அந்த வாந்திக் கதையைக் கேட்டதும் எனக்கு அந்த மனிசியின் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. உடனே அந்த மரியாதையின் மேல் ஒரு சந்தேகமும் வந்தது. புத்தகத்தில் மறைத்தவர்கள் வேறு என்னத்தை மறைத்திருப்பார்கள்?

இப்படியான மனநிலையில்தான் போன செவ்வாய்க்கிழமை நான் பாலம் கடந்து வவுணதீவுப் பக்கம் உன் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டேன். பஸ்ஸில் வரவில்லை. பின்னால் உன் பெட்டியும் நீயும் ஏறத்தக்கதாக ஓர் ஆட்டோவைப் பேசிக்கொண்டு வந்தேன். ஆம், ‘வா’ என்ற சொல்லை வீட்டிலேயே சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டுதான் புறப்பட்டேன். உன் அம்மா வரவில்லை. “நீங்க போங்க அண்ணன். நான் போனா அழுதுபோட்டு வந்திருவன். கதிரையில இருந்து பாக்கச் சொன்னவங்க, அழச் சொல்லல்ல” என்றாள். ஆனால் விடியற்காலையிலேயே சந்தைக்கு ஆளனுப்பி வாவி இறால் வாங்கி வைத்திருந்தாள். உனக்குப் பிடித்த மாதிரித் தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்ச. “இவ்வளவு என்னத்துக்குகா?” என்று கேட்டேன். “கூட ஆள் வந்தா?” என்றாள்.

உங்கள் அதிபர் சிஸ்டர் என்னை அலுவலகத்தில் இருத்தித் தேத்தண்ணி தந்தா. நான் சுற்றிவளைக்காமல், “சிஸ்டர், மதர் முதலைகளோட போன கதை பொய்யெண்டு எனக்குத் தெரியும்” என்றேன். “எங்களுக்கும் தெரியும் ஐயா” என்றா. இப்படித்தான் கெட்டிக்காரர்கள் டிக்கட் இல்லாததை முதலே ஒப்புக்கொண்டு செக்கரின் வாயை அடைப்பார்கள். நான் விடவில்லை. “அப்ப அவ செஞ்ச பிழை ஒண்டு சொல்லுங்க பாப்பம்.” சிஸ்டர் என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றினா. பிறகுதான் அந்தக் கதிரையின் கதையைச் சொன்னா. நீ கேட்டிருப்பாய். ஆனாலும் நான் கேட்டபடி சொல்கிறேன்; கூட்டிக் குறைத்திருந்தால் அங்கே இருப்பவர்கள் என்னைப் பிடிக்கட்டும்.

பாலம் இல்லாத காலம். வயல்வட்டைக்குள் காவலுக்குப் போட்ட ஓர் ஓலைக்குடிசை வாடிதான் முதல் பள்ளிக்கூடம். பெற்றவர்கள் பெண்பிள்ளைகளை அனுப்பப் பயந்தார்கள். “தோணியில வந்தவ நம்மட புள்ளையளத் தோணியில கொண்டுபோயிருவா” என்று பேச்சு. எழுத்தும் கணக்கும் மட்டும்தான் படிப்பிப்பேன், வேறொன்றும் இல்லை என்று மதர் வாக்குக் கொடுத்தா. யார் நம்புவார்கள்? அப்போது, தகப்பன் அவவுக்கென்று செய்து கொடுத்த ஒரேயொரு கதிரையைத் தூக்கி வாசலுக்குள் வைத்துவிட்டுச் சொன்னா: “நம்பாத ஆள் வந்து இதில இரிக்கட்டும். நான் நிண்டு படிப்பிக்கிறன்.” இன்றைக்கும் உங்கள் வகுப்புகளில் டீச்சருக்குக் கதிரை இல்லாததன் காரணம் இதுவாம். ஒரு தாய் வந்து இருந்தா. வெற்றிலையை மென்றுகொண்டு, ஒரு சொல் பேசாமல், ஒவ்வொரு நாளும் வந்து இருந்தா. அந்த மனிசி நமது வம்சமாகத்தான் இருக்கவேண்டும் என்பது என் முடிவு. ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் உலகத்தில் வேறு எந்த வம்சத்தில் இத்தனை பொறுமையான சந்தேகம் இருக்கிறது?

ஒருநாள் இடியும் மழையும். பிள்ளைகள் பயந்து அலறினார்கள். அவர்களை அமர்த்துவதற்கு மதர் தனக்குத் தெரிந்த ஒரு செபத்தைச் சொல்லிக்கொடுத்தா. பிள்ளைகளும் கூடச் சொன்னார்கள், பயமும் அடங்கியது. அப்போது கதிரையில் இருந்த மனிசி எழும்பிக் கேட்டா: “டீச்சர், இது எழுத்தா, கணக்கா?” மனிசி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனா. அடுத்தநாள் ஒரு பிள்ளையும் வரவில்லை.

“மறுகா?” என்று கேட்டேன். “மறுகா என்ன ஐயா, தினமும் வாந்தியெடுத்து எடுத்து அக்கரைக்கு வந்தா. கதிரையத் துடைச்சு வாசல்ல வச்சா. வெறும் வாடிக்குள்ள நிண்டா. விதைப்புத் துவங்கி வெட்டு முடியுமட்டும் இதுதான். ஒருநாள் அந்த மனிசி தனிய வந்து கதிரையில இருந்து, ‘படிப்பியுங்க, நான் பாக்கிறன்’ எண்டு சொன்னா. புள்ளையள் இல்லாத வாடியில அவவுக்கு முன்னால ‘அ’ல இருந்து படிப்பிச்சா மதர். அடுத்தநாள் மகளைக் கூட்டிவந்தா.” அந்த மகள்தான் வளர்ந்து, உங்கள் சபையில் சேரக் கேட்ட முதற் பெண்ணாம். மதர் உடனே சேர்க்கவில்லை. “உங்கம்மா வந்து இருந்து பாக்கட்டும்” என்றா. தாய் வந்து இருந்து பார்த்துவிட்டு ‘வா’ என்று மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டா. மதர் தடுக்கவில்லை. ஒரு வருடம் கழித்து அந்தத் தாயே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாவாம்.

“இது ஏன் புத்தகத்தில இல்ல?” என்று கேட்டேன். “புத்தகம் எழுதினவருக்கு மதரில பாசம் கூட ஐயா. பாசம் கூடினா முதலையும் அணிவகுக்கும்” என்றா சிஸ்டர். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என்னைப் போன்ற சந்தேகக்காரரை மசியவைப்பதற்கென்றே இந்தக் கதையை வடித்து வைத்திருக்கிறார்களோ என்று என் உள்ளே ஒருவன் விசில் ஊதினான். “இதை எல்லாருக்கும் சொல்லுறயளா?” “கேக்கிறவங்களுக்கு.” “இதுவரைக்கும் எத்தின பேர் ‘வா’ எண்டு கூட்டிப் போயிரிக்காங்க?” சிஸ்டர் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினா. “என்னையும் எங்கட அப்பா கூட்டித்தான் போனவர். வாங்க, மணியடிக்கப் போகுது.”

கதையை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கதிரையில் போய் இருந்தேன். உலகத்தில் இதைவிட மோசமான கதிரையை எந்த ஓடாவியும் செய்திருக்க முடியாது. ஒரு முன்கால் ஆடுகிறது. முதுகுப் பலகை நடுமுள்ளில் குத்துகிறது. ஆனால் நான் பார்க்க வந்தது உன்னை. இந்த இடத்தில் உனக்குத் தெரியாத ஒரு தொழில் இரகசியத்தைச் சொல்லவேண்டும். டிக்கட் இல்லாதவனைப் பிடிப்பது எப்படி என்று எல்லாரும் கேட்பார்கள். பையைப் பார்ப்பதா, கையைப் பார்ப்பதா என்று. ஒன்றும் வேண்டாம். செக்கர் ஏறினதும், டிக்கட் இல்லாதவன் ஒருமுறையாவது செக்கரின் முகத்தைப் பார்ப்பான். அவனால் பார்க்காமல் இருக்க முடியாது. உன் அப்பாவையே நான் முதன்முதல் அப்படித்தான் பிடித்தேன். தேற்றாத்தீவில் பஸ்ஸில் ஏறினேன். மெலிந்த பொடியன் ஒருவன் என்னைப் பார்த்து, ஆயர் வந்ததுபோல எழும்பி நின்று, “இருங்கண்ணன்” என்று தன் இடத்தைத் தந்தான். அங்கேயே இறக்கிவிட்டேன். அடுத்த மாதம் அதே பொடியன் உன் அம்மாவைக் கேட்டு நம் வீட்டு வாசலில் நின்றான். அன்றைக்கு அவளை அந்தப் பஸ்ஸுக்குள் கண்டு, டிக்கட்டையும் மறந்து, ஓடும் பஸ்ஸில் பாய்ந்து ஏறியவனாம். சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பு உனக்குத் தெரியும். முதலில் தோள் குலுங்கும், சத்தம் பிறகுதான் வரும்.

ஆகவே நீ என் முகத்தைப் பார்ப்பாய் என்று காத்திருந்தேன். மனத்துக்குள் ஒரு சின்ன இரணம் இருந்தாலும், வீட்டை நினைத்து ஒரு சின்ன ஏக்கம் இருந்தாலும், யாராவது உன்னை இங்கே தள்ளியிருந்தாலும், நீ ஒருமுறை கதிரைப் பக்கம் கண்ணைத் திருப்புவாய். திருப்பினால் போதும், ஆட்டோ வாசலில் நின்றது. பிள்ளைகள் எழும்பி “வணக்கம் ஐயா” என்றார்கள். நீயும் தலையசைத்தாய். அது மரியாதை, கணக்கில் சேராது. பிறகு நீ கரும்பலகைக்குத் திரும்பிக் கழித்தல் கணக்கு ஒன்றைப் போட்டாய். ஒரு காலில் மட்டும் செருப்பு போட்டிருந்த அந்தச் சின்னவள் எழும்பி, “டீச்சர், பக்கத்து வீட்டில பத்தைக் கடன் வாங்கிப்போட்டு அங்க குறைக்க மறந்திட்டீங்க” என்றாள். நீ இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பலகையைப் பார்த்தாய். “ஓம் புள்ள. பக்கத்து வீட்டுக்காரர் பொலிசுக்குப் போகமுதல் குறைச்சிருவம்” என்றாய். முதலில் உன் தோள் குலுங்கியது. சத்தம் பிறகுதான் வந்தது.

நான் என் இருமலை எடுத்தேன். நீ அறிவாய், அது சாதாரண இருமல் அல்ல. அந்த இருமலுக்கு ஒரு பஸ் முழுக்கச் சட்டைப்பையைத் தடவியிருக்கிறது, சாரதிகூடத் தடவியிருக்கிறான். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் திடுக்கிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நீ பார்க்கவில்லை. “எல்லாரும் இஞ்ச பாருங்க” என்று பலகையில் சோக்கால் தட்டிவிட்டு அடுத்த கணக்கை எழுதினாய். இன்னும் இரண்டுமுறை இருமிப் பார்த்தேன். இடைவேளை மணியடிக்கும்வரை பார்த்தேன். வாசலோரத்தில் ஒரு கதிரை இருப்பதும், அதில் உன்னைத் தோளில் தூக்கி வளர்த்த ஒருவன் முள்ளந்தண்டு நொறுங்க இருப்பதும் உன் ஞாபகத்திலேயே இல்லை.

வெளியில் வந்ததும் சிஸ்டர், “சொல்லுங்க ஐயா” என்றா. சட்டைப்பையில் கொண்டுவந்த சொல் அங்கே இல்லை. மற்றச் சொல்லுக்குப் பதிலாக இருமிக்கொண்டேன். படுவான்கரைப் புழுதி என்று சொல்லி, எழுதி அனுப்புகிறேன் என்று தப்பி வந்தேன். சிஸ்டர் நம்பவில்லை. அவவும் ஒரு நல்ல செக்கராக வந்திருப்பா. ஆட்டோக்காரன் பின்பக்கம் பார்த்து, “ஆள் வரல்லயா ஐயா?” என்றான். “ஆளுக்கு வேலையிரிக்கு, நீ ஓட்டு” என்றேன்.

வீட்டு வாசலில் உன் அம்மா என்னைப் பார்க்கவில்லை. ஆட்டோவின் பின்னிருக்கையைத்தான் பார்த்தாள். மறுகா உள்ளே போய் இரண்டு கோப்பையில் சோறு போட்டாள். சாப்பிடும்போது, “சந்தோசமா இரிக்காளா, அண்ணன்?” என்று கேட்டாள். “கணக்கில பிழைவிடுறாள்” என்றேன். “சிரிச்சாளா?” “அவன்ட சிரிப்புத்தான்.” அவள் சட்டியிலிருந்த இறாலில் பாதிக்கு மேல் என் கோப்பையில் போட்டாள். அது லஞ்சமா பாசமா என்று நான் விசாரிக்கவில்லை.

இனி உனக்கு மாமன் சொல்லும் புத்தி. உன்னை வாய்நிறையப் புகழ வருகிறவரைக் கதிரையில் இருத்தாதே. அவருக்கு அலுவலகத்தில் தேத்தண்ணி கொடுத்து அனுப்பு. கோபத்தோடு, வெற்றிலையோடு, ஒரு சொல் பேசாமல் வந்து நிற்கிற தாயை இருத்து. உன் பிழையைப் பார்க்கப்போவது அவதான். அவ எழும்பிப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால் பின்னால் ஓடி விளக்கம் சொல்லாதே. காலையில் கதிரையைத் துடைத்து வை. என்றைக்காவது நீ படிப்பித்துக்கொண்டு நிற்கும்போது உன் கண் தானாகக் கதிரைப் பக்கம் திரும்பினால், அன்றைக்கு மறைக்காமல் உன் அம்மாவுக்குச் சொல்லி அனுப்பு. இறாலுக்கு ஒன்றும் பஞ்சமில்லை, ஆட்டோக்காரனும் நம்ம ஆள்தான்.

நான் மசிந்துவிட்டேன் என்று அங்கே யாரும் மணியடிக்கவேண்டாம். மதர் இசிதோராவின் வெள்ளிக்கிழமைப் பாலை நான் இன்னும் நம்பவில்லை. உங்கள் சபையின் சந்தோசத்தையும் முழுக்க நம்பவில்லை. கதிரையின் ஆடுகிற காலைச் சரிக்கட்டிவிடாதீர்கள். நம்பாதவன் வசதியாக இருந்தால் நித்திரையாகிவிடுவான். உன் வார்த்தைப்பாட்டுக்கு உன் அம்மாவும் நானும் முன்வரிசையில் இருப்போம். அடுத்த கிழமை மறுபடியும் வாசலோரத்தில் இருப்பேன், அடுத்த பள்ளித் தவணையிலும்.

இரு, புள்ள. படிப்பி. நான் பாக்கிறன்.

உன் மாமன்